தடை தெரிகிறது… உத்தரவு எங்கே?

எழுதியவரைத் தேடி வந்த போலீஸ் ஒரு காலம். எழுதியதைச் சத்தமில்லாமல் தூக்கிவிடும் போர்ட்டல் இந்தக் காலம். இணையப் பேச்சுக்குக் கடிவாளம் போட அரசுகள் இருபது ஆண்டுகளாக எடுத்துவரும் முயற்சிகள் எங்கே தொடங்கி, எங்கே வந்து நிற்கின்றன?

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை மாலை. விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்து, டேட்டா தீர்ந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டவர்கள் இருப்பார்கள். மோடத்தை அணைத்துப் போட்டவர்களும் இருப்பார்கள். வேறு கம்பெனி சிம் வைத்திருந்த சிலருக்கு அதே தளம் எந்தச் சிக்கலும் இல்லாமல் திறந்தது. பார்த்தால் சாதாரணப் பழுது போலத்தான் தெரிந்தது. மத்திய அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று அந்த நிறுவனமே வாசகர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

காரணம் ஒரு கார்ட்டூன். அமெரிக்காவில் சட்டவிரோதமாகக் குடியேறியதாகச் சொல்லி, இந்தியர்களைக் கை கால்களில் விலங்கிட்டு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸுக்கு அனுப்பிவைத்திருந்த நேரம் அது. பிரதமர் அதைக் கண்டிக்கவில்லை என்ற விமர்சனத்தைக் கருவாக எடுத்துக்கொண்டு, டிரம்ப் பக்கத்தில் மோடி விலங்கோடு அமர்ந்திருப்பதாக விகடன் ப்ளஸ் மின்னிதழில் வரைந்திருந்தார்கள். அப்போது தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை புகார் கொடுத்தார். அதன் பிறகுதான் தளம் முடங்கியது. அந்த ஒரு படம் மட்டுமல்ல. பல ஆண்டுகளாகச் சேர்ந்த கட்டுரை, கதை, சமையல் குறிப்பு, ராசிபலன் வரை எல்லாமே சேர்ந்து முடங்கின.

நாட்டின் இறையாண்மைக்கும் வெளிநாட்டு நல்லுறவுக்கும் அந்தப் படம் கேடு என்பது சென்னை உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு வைத்த வாதம். மார்ச் 6-ம் தேதி நீதிபதி பரத சக்ரவர்த்தி ஓர் இடைக்கால வழி சொன்னார். படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்றார். தளம் திறந்தது.

இதே நிறுவனத்துக்கு அதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு படத்தால் வம்பு வந்தது. 1987 மார்ச் 29 தேதியிட்ட ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்கிற பாணியிலான கேலி. சட்டமன்றம் கொந்தளித்தது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன் மன்னிப்பு கேட்கச் சொன்னார். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மறுத்தார். மூன்று மாதக் கடுங்காவல் என்று சபை தீர்மானித்தது. கைது செய்து கொண்டுபோனார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைகள் கொதித்தெழ, சில நாட்களிலேயே விடுதலை செய்தார்கள்.

கோபத்தைப் பொறுத்தவரை 1987-க்கும் 2025-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளுவோரைக் கேலி செய்தால் ஆளுவோருக்குக் கோபம் வரும். ஆனால் 1987-ல் அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் இருந்தது. தீர்மானம் சபைக் குறிப்பில் இருந்தது. யார் தண்டித்தார்கள், எதற்காகத் தண்டித்தார்கள் என்பது மறுநாள் காலை டீக்கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. இன்றோ, தண்டனை வந்து சேர்ந்த பிறகும் அது தண்டனைதானா, நெட்வொர்க் பிரச்னையா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

பிளாக்ஸ்பாட் இருண்ட ஜூலை

தமிழ் வலைப்பதிவுகள் முளைவிட்டுத் தழைத்துக்கொண்டிருந்த காலம் 2006. தட்டச்சு தெரிந்த எவரும் ஆசிரியர் ஆகலாம் என்ற போதை எல்லோருக்கும் ஏறியிருந்தது. 'தமிழ்மணம்' திரட்டியைத் திறந்தால் அரசியல், சினிமா, சமையல், சண்டை என்று நிமிடத்துக்கொரு பதிவு வந்து விழும். அவற்றில் பல பிளாக்ஸ்பாட் முகவரியில் இயங்கியவை.

அந்த ஜூலை 11 அன்று மும்பை புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்த சில நாட்களில், ஏறத்தாழ இருபது இணையப் பக்கங்களை முடக்கச் சொல்லி மத்திய தொலைத்தொடர்புத் துறையிலிருந்து இணைய நிறுவனங்களுக்குக் கடிதம் போனது. குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுக்கத் தெரியாத அல்லது அதற்கு மெனக்கெடாத நிறுவனங்கள், பிளாக்ஸ்பாட் முழுவதையுமே இழுத்து மூடின. ஒரு வீட்டில் திருடன் இருக்கிறான் என்று சொன்னதற்குத் தெருவையே பூட்டிய கதைதான். கவிதை எழுதியவர், காரக்குழம்பு செய்முறை எழுதியவர் எல்லோரும் ஒரே இரவில் காணாமல் போனார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு, சில நாட்களில் தெரு மறுபடி திறந்தது.

அப்போது அதைக் கோமாளித்தனம் என்று சிரித்துக் கடந்தோம். பின்னால் வரப்போவதெல்லாம் அந்த ஒரு சம்பவத்திலேயே இருந்தது என்று இப்போது தெரிகிறது. உத்தரவு எழுதியவருக்குப் போகாமல் கம்பெனிக்குப் போனது. கம்பெனி, வம்பு வேண்டாம் என்று கேட்டதைவிட அதிகமாகவே மூடியது. எழுதியவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

'எரிச்சல்' ஒரு குற்றம்

2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம் ஆகும் முன்பே, தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம் ஏறக்குறைய விவாதமே இன்றி நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதில் வந்ததுதான் 66ஏ. கடுமையாகப் புண்படுத்துவது, எரிச்சலூட்டுவது, அசௌகரியம் தருவது என்று எதை எழுதினாலும் மூன்று ஆண்டுவரை சிறை என்றது அந்தப் பிரிவு. எரிச்சல் என்றால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. அதை இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார்.

2012-ல் அந்தப் பிரிவின் சுயரூபம் தெரிந்தது. ஏப்ரலில், மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்த ஒரு படத்தை மின்னஞ்சலில் ஃபார்வர்டு செய்ததற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். அக்டோபரில், அப்போதைய நிதியமைச்சர் ப.சிதம்பரத்தின் மகன் கார்த்தி சிதம்பரத்தின் சொத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரி தொழில்முனைவோர் ஒருவரை அதிகாலையில் போலீஸ் வந்து அழைத்துப்போனது. நவம்பரில் பால் தாக்கரே மறைந்து மும்பை ஸ்தம்பித்தபோது, இந்தக் கடையடைப்பு எதற்கு என்று ஃபேஸ்புக்கில் கேட்ட 21 வயதுப் பெண்ணும், அதற்கு 'லைக்' போட்ட அவருடைய தோழியும் பால்கரில் கைதானார்கள். லைக் போட்டதற்கும் கைது என்றபோதுதான் நாடு விழித்துக்கொண்டது.

ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ-வை மொத்தமாகத் தூக்கி எறிந்தது. நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹின்டன் நாரிமனும் அளித்த தீர்ப்பில் மூன்று படிகள் உண்டு: விவாதிப்பது, ஒரு கருத்துக்காக வாதாடுவது, தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் உரிமை. மூன்றாவது படியில் கால் வைக்கும்போதுதான் சட்டம் உள்ளே வரலாம்.

செத்தது சட்டப் புத்தகத்தில்தான், ஸ்டேஷனில் சாகவில்லை. 2021 மார்ச் நிலவரப்படி, 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 66ஏ-வின் கீழ் 745 வழக்குகள் நிலுவையில் இருந்ததாக மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. தீர்ப்பு எழுதிய அதே நாரிமன் அமர்வுக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. 2022 அக்டோபரில், இனி எவர் மீதும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டி வந்தது. பேராசிரியர் மகாபாத்ரா வழக்கிலிருந்து விடுபட்டது 2023 ஜனவரியில்தான். ஒரு ஃபார்வர்டுக்குப் பதினோரு வருஷம்!

ஒரு 'அல்லது' செய்த வேலை

66ஏ-வைக் கொன்ற அதே தீர்ப்பு, பக்கத்திலிருந்த 69ஏ-வை உயிரோடு விட்டது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, வெளிநாட்டு நல்லுறவு போன்ற காரணங்களுக்காக இணையப் பக்கங்களை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருவது அந்தப் பிரிவு. அதில் பாதுகாப்பு அம்சங்கள் இருக்கின்றன என்று நீதிமன்றம் நம்பியது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டும், குழு பரிசீலிக்க வேண்டும் என்பவை அந்த அம்சங்கள்.

நடைமுறையில் நடந்ததே வேறு. 2009-ல் வந்த முடக்க விதிகளின் 8-வது விதியை எடுத்துப் பாருங்கள். பதிவு போட்ட நபருக்கு 'அல்லது' அதைத் தாங்கி நிற்கும் நிறுவனத்துக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. அந்த ஒற்றை 'அல்லது' போதுமானதாக இருந்தது. நோட்டீஸ் கம்பெனிக்குப் போனால் கடமை முடிந்தது. அவசரம் என்றால் 9-வது விதியின் கீழ் முதலில் முடக்கிவிட்டுப் பிறகு பரிசீலிக்கலாம். 16-வது விதி இவை அனைத்தையும் ரகசியம் என்கிறது. முடிவெடுக்கும் குழுவிலும் அதை மறு ஆய்வு செய்யும் குழுவிலும் இருப்பவர்கள் அரசு அதிகாரிகள் மட்டுமே.

இந்த மூன்று விதிகளுக்கும் நடுவே ஒரு மனிதர் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தனுல் தாக்குர் கதை போதும். சினிமா விமர்சகரான அவர் 2011-ல் வரதட்சணையைக் கேலி செய்து 'டவுரி கால்குலேட்டர்' என்ற தளத்தை உருவாக்கினார். மாப்பிள்ளையின் சாதி, படிப்பு, வேலை, சம்பளம் எல்லாவற்றையும் தட்டினால், 'உங்கள் ரேட்' எவ்வளவு என்று தளம் சொல்லும். கல்யாணச் சந்தையைப் பார்த்து அடித்த கிண்டல். அதைக் கிண்டல் என்று புரிந்துகொள்ளாமல் புகார்கள் போயின. 2018-ல் தளம் முடங்கியது. யார் முடக்கினார்கள், ஏன் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், ரகசியம் என்றார்கள். தன் சொந்தத் தளத்தை மூடிய உத்தரவைத் தானே பார்க்க அவர் டெல்லி உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2022 மே மாதம் நீதிமன்றம், உத்தரவின் நகலை அவருக்குக் கொடுங்கள், அவர் தரப்பைக் கேளுங்கள் என்றது. தளம் மூடி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழித்து!

இது ஒரு தளத்தின் கதை. 69ஏ-வின் கீழ் முடக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை 2014-ல் 471, 2020-ல் 9,849. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்துகொண்டிருந்தபோது, 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவுகள் வந்திருப்பதாக எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. எந்தப் பதிவு சட்டத்தை மீறியது என்று பெரும்பாலான கணக்குகளுக்குக் குறிப்பிடவே இல்லை என்றும் அது சொன்னது. போர்க்காலத்தில் சில தடைகள் தேவைப்படலாம். ஆனால் அந்த எட்டாயிரத்தில் எத்தனை நியாயம், எத்தனை போகிற போக்கில் சேர்த்தது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

மண்டபத்துக்காரருக்கு ஒரு போன்

தமிழ்நாட்டில் அரங்கக் கூட்டம் நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. கூட்டத்துக்குத் தடை என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்துக்காரர் போன் பண்ணுவார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. ஸ்டேஷன்ல இருந்து பேசினாங்க. அட்வான்ஸைத் திருப்பித் தந்துடறேன்" என்பார். அவரோடு சண்டை போட முடியாது. மண்டபம் அவர் பிழைப்பு. ஸ்டேஷனில் போய்க் கேட்டால், "நாங்க ஒண்ணும் சொல்லலையே" என்று கை விரிப்பார்கள். கூட்டம் நடக்காது. தடை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமும் இருக்காது.

இணையத்தில் அந்த மண்டபத்துக்காரர் இடத்தில் இப்போது யூடியூபும் எக்ஸும் இன்ஸ்டாகிராமும் இருக்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு, பயனர்கள் போடும் பதிவுக்குத் தளம் பொறுப்பில்லை என்று பாதுகாப்பு தருகிறது. அதே பிரிவின் 79(3)(பி), சட்டவிரோதமானது என்று அரசு சுட்டிக்காட்டியும் எடுக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்கிறது. கம்பெனிக்கு இரண்டே வழி. யாரோ ஒருவருடைய வீடியோவுக்காகத் தன் தலையைக் கொடுப்பது, அல்லது வீடியோவை எடுத்துவிடுவது. எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்ல ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் மத்திய உள்துறை தொடங்கிய 'சஹ்யோக்' போர்ட்டல் இந்த வழியை நெடுஞ்சாலையாக்கியது. பெயருக்கு ஒத்துழைப்பு என்று பொருள். மத்திய அரசுத் துறைகளும் மாநில போலீஸாரும் எடுக்க வேண்டிய பதிவுகளின் இணைப்பை அதில் ஏற்றினால் தளங்களுக்குப் போய்ச் சேரும். 69ஏ-வில் பெயரளவுக்காவது இருந்த குழு, விசாரணை எதுவும் இதில் இல்லை. இதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 செப்டம்பர் 24 அன்று நீதிபதி நாகபிரசன்னா அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19-வது பிரிவு இந்தியக் குடிமக்களுக்கானது, வெளிநாட்டுக் கம்பெனி அதைக் கேட்க முடியாது என்பது தீர்ப்பின் முக்கியமான வாதங்களில் ஒன்று.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இப்போது நிலைமை என்ன? உத்தரவைப் பார்த்த கம்பெனிக்கு உரிமை இல்லை. உரிமை உள்ள குடிமகனுக்கு உத்தரவு கிடைப்பதில்லை. வழக்குப் போட வேண்டியவர் கையில் காகிதம் இல்லை; காகிதம் உள்ளவர் வழக்குப் போட்டால் செல்லாது. இதற்கு நடுவே பதிவு மட்டும் போய்விடுகிறது.

தீர்ப்பு வந்த அடுத்த மாதமே மத்திய அரசு விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. இணைச் செயலாளர் மட்டத்துக்குக் குறையாத அதிகாரிகள், போலீஸில் டி.ஐ.ஜி. மட்டத்துக்குக் குறையாதவர்கள்தான் இப்படிக் கேட்க முடியும். சட்டக் காரணத்தையும் எந்த இணைப்பு என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் காரணமும் கம்பெனிக்குத்தான் போகிறது.

தடுக்கப்பட்ட மூன்று கதவுகள்

எல்லாவற்றிலும் அரசே ஜெயித்தது என்று சொல்லிவிட முடியாது. வெளியே தெரிந்துவிட்ட விதிகளையும் வரைவுகளையும் எதிர்த்து மக்கள் போனபோதெல்லாம் கொஞ்சமாவது பலன் கிடைத்திருக்கிறது.

2021 பிப்ரவரி 25-ல் வந்த புதிய விதிகள், இணையத்தில் செய்தி எழுதுபவர்களை மூன்றடுக்குக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன. மேல் அடுக்கில் இருப்பது அரசு. அதன் முக்கியப் பகுதிக்கு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் செய்தி நிறுவனங்களும் சென்னையில் போட்ட வழக்குகளில், அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்றது சென்னை உயர் நீதிமன்றம்.

2023 ஏப்ரலில் அடுத்த முயற்சி. மத்திய அரசு சம்பந்தப்பட்ட செய்தி எது பொய் என்று மத்திய அரசே அமைக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு முத்திரை குத்தும். பரீட்சை எழுதியவரே பேப்பர் திருத்தும் ஏற்பாடு! நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா மும்பையில் வழக்குப் போட்டார். எடிட்டர்ஸ் கில்டும் சேர்ந்துகொண்டது. இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி ஏ.எஸ்.சந்துர்கர் 2024 செப்டம்பர் 20-ல் அந்த விதி செல்லாது என்றார்.

மூன்றாவது, ஒளிபரப்புச் சேவைகள் மசோதா. 2024 ஜூலையில் அதன் திருத்தப்பட்ட வரைவு, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் காட்டப்பட்டது. நடப்பு விவகாரம் பேசும் தனிநபர் யூடியூபர்களும் 'டிஜிட்டல் செய்தி ஒளிபரப்பாளர்' என்ற வலைக்குள் வருவார்கள் என்ற செய்தி கசிந்தது. யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனி வாட்டர்மார்க் போட்டிருந்தார்களாம். மக்கள் பேச்சை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் வரைவையே மக்கள் பார்க்கக் கூடாது என்றால் என்ன சொல்வது? எதிர்ப்பு வலுத்ததும் ஆகஸ்டில் வரைவு திரும்பப் பெறப்பட்டது.

எந்தக் கொடியானாலும்…

இதை ஒரு கட்சியின் கணக்கில் எழுதினால் அது ஏமாற்று வேலை. 66ஏ வந்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில். அதைப் பயன்படுத்தியது திரிணாமூல் ஆட்சியும்தான். 2020 நவம்பரில் கேரள இடதுசாரி அரசு, போலீஸ் சட்டத்தில் 118ஏ என்று 66ஏ-வின் தங்கையை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, சில நாட்களிலேயே சொந்தக் கூட்டாளிகளின் எதிர்ப்பால் திரும்பப் பெற்றது. 2025-ல் கர்நாடக காங்கிரஸ் அரசு தயாரித்த வரைவில் பொய்ச் செய்திக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்றிருந்தது. உத்தரப்பிரதேச பா.ஜ.க. அரசின் 2024 டிஜிட்டல் மீடியா கொள்கை, அரசுத் திட்டங்களைப் புகழும் இன்ஃப்ளூயன்சர்களுக்கு மாதம் 8 லட்சம் ரூபாய்வரை தருவதாகச் சொன்னது. ஆட்சேபத்துக்குரியதைப் போடுபவர்கள் மீது நடவடிக்கை என்றும் சொன்னது. ஒரு கையில் கரும்பு, மறு கையில் பிரம்பு.

தமிழ்நாடு? 2017-ல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தபோது, முதலமைச்சரையும் அதிகாரிகளையும் சாடிப் படம் போட்ட கார்ட்டூனிஸ்ட் பாலாவை அ.தி.மு.க. ஆட்சியில் கைது செய்தார்கள். 2024-ல் தி.மு.க. ஆட்சியில் யூடியூபர் சவுக்கு சங்கர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பெண் போலீஸாரைப் பற்றி அவர் பேசியது பலரை முகம் சுளிக்கவைத்தது உண்மை. அதற்கு வழக்குப் போடலாம். சாராயம் காய்ச்சுபவருக்கும் ரவுடிக்கும் எழுதிய சட்டம் எதற்கு? ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. சில நாட்களில் இரண்டாவது ஆணை வந்தது. தேர்தலுக்கு முன் யூடியூபில் குற்றம் சாட்டுகிறவர்களையெல்லாம் உள்ளே தள்ளினால் எத்தனை பேரைத் தள்ளுவீர்கள் என்று தமிழக அரசைப் பார்த்து உச்ச நீதிமன்ற நீதிபதி அபய் ஓகா கேட்டதும் 2024-ல்தான். அது யூடியூபர் சாட்டை துரைமுருகன் வழக்கில்.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது கருத்துச் சுதந்திரம், ஆளுங்கட்சியானதும் அவதூறு. இதில் எந்தக் கட்சிக்கும் தனிக் காப்புரிமை கிடையாது.

அத்திமூர் மறக்கக் கூடாதது

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்பவர்கள் ஒருமுறை அத்திமூரை நினைத்துக்கொள்ள வேண்டும். 2018 மே மாதம், வடமாநிலத்துப் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நின்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று எங்கோ நடந்த சண்டை வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். திருப்பூரில் தொழிலாளர்கள் பயந்துபோய் ரயில் ஏறினார்கள். இவை போக, பெண்களின் முகத்தை வெட்டி ஒட்டிப் பரப்பும் அசிங்கம் தினந்தோறும் நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு மணி நேரமும் நரகம். அவரிடம் போய்ப் பேச்சுரிமை வகுப்பு எடுக்க முடியாது.

ஆனால் இவற்றை எதிர்கொள்ள ரகசியம் எங்கே உதவியது? பீகார் வதந்தியை அடக்கியது ரகசிய உத்தரவு அல்ல. இரு மாநில போலீஸாரும் பகிரங்கமாக மறுத்தார்கள், இந்தியில் விளக்கம் வெளியிட்டார்கள், தொழிலாளர்களை நேரில் போய்ப் பார்த்தார்கள், பரப்பியவர்கள் மீது வெளிப்படையாக வழக்குப் பதிந்தார்கள். மார்ஃபிங் படத்தை ஒரு மணி நேரத்தில் எடுக்கட்டும், யாரும் மறுக்கப்போவதில்லை. அந்த அவசரத்துக்கு எழுதிய வழியில் கார்ட்டூனும் கேலியும் அமைச்சரைப் பற்றிய விமர்சனமும் சேர்ந்து போகும்போதுதான் சிக்கல். எது எதற்காகப் போனது என்று தெரிந்தால்தானே பிரித்துப் பார்க்க முடியும்?

கேட்பது காகிதம்

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். 2020 ஜனவரியில், காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை அரசு வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு மாநிலத்தின் மொத்த இணையத்தை நிறுத்தும் உத்தரவையே வெளியிடலாம் என்றால், ஒரு கார்ட்டூனை நிறுத்தும் உத்தரவில் அப்படி என்ன ராணுவ ரகசியம்? 2025 மார்ச்சில், முடக்க விதிகளை எதிர்த்த வழக்கில், ஆளை அடையாளம் காண முடிந்தால் அவருக்கே நோட்டீஸ் தர வேண்டும் என்பதுதான் முதல் பார்வையில் சரியாகத் தோன்றுகிறது என்று நீதிபதி கவாய் அமர்வு கருத்துச் சொன்னது. அதாவது, அந்த 'அல்லது' ஒரு 'மற்றும்' ஆக வேண்டும். பாதி நோய் அதிலேயே தீரும்.

மீதிப் பாதிக்கு, அரசு அதிகாரிகள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் மறு ஆய்வுக் குழுவில் வெளியார் ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தால் நல்லது. சஹ்யோக் வழியாக எந்தத் துறை எத்தனை பதிவுகளை எடுக்கச் சொன்னது என்ற கணக்கு ஆண்டுக்கொருமுறை நாடாளுமன்ற மேசைக்கு வர வேண்டும்.

உங்கள் பதிவு முடங்கினால்…

● முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி நேரத்தோடு. வேறு நெட்வொர்க்கிலும் பார்த்துவிடுங்கள்.

● தளத்திலிருந்து வரும் மின்னஞ்சலை அழிக்காதீர்கள். எந்தச் சட்டப் பிரிவு, எந்தத் துறை என்று சில நேரம் அதில் இருக்கும். இல்லையென்றால், தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

● தகவல் உரிமைச் சட்டத்தில் உத்தரவு நகல் கேளுங்கள். ரகசியம் என்று மறுக்கலாம். மறுத்த பதிலும் நீதிமன்றத்தில் ஓர் ஆவணமே.

● போலீஸ் கூப்பிட்டால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) பிரிவின் கீழ் எழுத்துபூர்வ நோட்டீஸ் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது. எவராவது 66ஏ என்று சொன்னால், 2015-லேயே செத்துவிட்டது என்று நினைவுபடுத்துங்கள்.

● எழுத்துரிமை பாதிக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம்.

ஆயிரம் ரூபாய்

1987 கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. விடுதலையான பாலசுப்ரமணியன் அதோடு விடவில்லை. தன்னைத் தண்டித்தது தவறு என்று நீதிமன்றம் போனார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, இழப்பீடாக 1,000 ரூபாய் தரச் சொன்னது.

ஏழு ஆண்டுகள் கழித்து அவர் ஜெயிக்க முடிந்ததற்கு அவருடைய பிடிவாதம் ஒரு காரணம். இன்னொரு காரணம் எளிமையானது. எதிர்த்து வழக்காட ஒரு தீர்மானம் இருந்தது. அதில் தேதி இருந்தது, காரணம் இருந்தது, பொறுப்பேற்க ஒரு சபை இருந்தது. தனுல் தாக்குருக்கு அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்க்கவே நான்கு ஆண்டுகள் ஆயின.

நாளை உங்கள் போனில் ஒரு பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றினால், ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேளுங்கள்.